வணிக இணையதளம்: கேளுங்கள், சொல்கிறோம்

கடைக்கு இணையதளம் வைத்திருப்பவர்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டர்பன் பக்கமிருந்தும் ஜோஹன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான்: தளம் இருக்கிறது, ஆனால் ஆள் வருவதில்லை, வந்தாலும் தேடியது கிடைக்காமல் போய்விடுகிறார். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

சாட்ஸ்வொர்த், பூஜைச் சாமான் கடை: எங்கள் தளத்தில் முன்னூறு பொருளுக்கு மேல் இருக்கிறது. மெனுவில் பதினெட்டுத் தலைப்பு. எல்லாம் போட்டிருந்தும் வாடிக்கையாளர்கள் போன் செய்து, 'கற்பூரம் இருக்கா, பால்குடச் சொம்பு என்ன விலை' என்றுதான் கேட்கிறார்கள். மெனுவை எப்படி அடுக்குவது?

பதினெட்டுத் தலைப்பைப் படிப்பதைவிட உங்களுக்குப் போன் போடுவது சுலபம், அதனால் போடுகிறார்கள். மேல் மெனுவில் ஐந்திலிருந்து ஏழு தலைப்புக்கு மேல் வேண்டாம். எந்த ஏழு என்பதை மட்டும் நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள்.

நாற்பது, ஐம்பது பொருள்களின் பெயரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள், சீட்டுக்கு ஒரு பொருள். கடைக்கு வரும் ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, எதெது ஒன்றாக இருக்க வேண்டுமோ அப்படிப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் சொல்லச் சொல்லுங்கள். கடைக்காரர் பித்தளை, செம்பு, வெள்ளி என்று பிரிப்பார். மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு அப்படித்தான் வருகிறது. வாங்குகிறவர் காவடிக்கு, கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, தினப்பூஜைக்கு என்று பிரிப்பார். மெனு வாங்குகிறவர் பிரித்தபடி இருக்கட்டும். பெயரும் அவர் வாயில் வந்த பெயராகவே இருக்கட்டும். இங்கே ஊரே 'ப்ரேயர் குட்ஸ்' என்று சொல்லும்போது தளத்தில் மட்டும் 'ஆன்மிகத் தீர்வுகள்' என்று எழுதி வைப்பதில் யாருக்கும் பயனில்லை. 'எங்கள் வரலாறு', 'எங்கள் நோக்கம்' எல்லாம் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போகட்டும். கடை நேரமும் முகவரியும் மேலே வரட்டும்.

ஒரே பொருள் இரண்டு தலைப்பில் வந்தால் தவறில்லை. குத்துவிளக்கு கல்யாணத்திலும் வரும், தினப்பூஜையிலும் வரும். ஆனால் அந்தப் பொருளுக்குப் பக்கம் ஒன்றுதான், இணைய முகவரியும் ஒன்றுதான். இரண்டு தலைப்பிலிருந்தும் அதே முகவரிக்கு இணைப்பு கொடுங்கள். உங்கள் மென்பொருள் தலைப்புக்கு ஒன்றாக இரண்டு முகவரி உண்டாக்குகிறது என்றால், எது அசல் என்று சொல்லும் 'கேனானிக்கல்' குறிப்பை இரண்டிலும் போடச் சொல்லுங்கள். அதேபோல் 50 கிராம் கற்பூரத்துக்கு ஒன்று, 100 கிராமுக்கு ஒன்று என்று பக்கங்களைப் பெருக்க வேண்டாம். கற்பூரத்துக்கு ஒரே பக்கம், அதில் எடையும் விலையும் ஓர் அட்டவணையாக இருந்தால் போதும்.

கூகுளிலிருந்து வருகிறவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் நேரே பால்குடப் பக்கத்தில் வந்து இறங்குவார். தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிய, பக்கத்தின் தலையில் 'முகப்பு › காவடி › பால்குடம்' என்று ஒரு வரி வேண்டும். அந்த வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் இணைப்பாக இருக்கட்டும். தேடுபொறியும் தளத்தின் அமைப்பை இதிலிருந்து புரிந்துகொள்கிறது.

மெனு உண்மையான இணைப்புதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கணினியில் மெனுத் தலைப்பின் மேல் வலது பொத்தானை அழுத்துங்கள். 'புதிய தாவலில் திற' என்ற வரி வந்தால் சரி. வராவிட்டால் அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் பொத்தான். உங்களுக்குத் திறக்கும், கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துப் போகும் நிரல் அதைத் தாண்டிப் போகாது. அம்பை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனுவும் வேண்டாம். போனில் அம்பு ஏது?

காவடிக்கு ஒவ்வொரு வருஷமும் புதுப் பக்கம் போட்டுவிட்டு விழா முடிந்ததும் அழித்துவிடுகிறவர்கள் நிறைய. அழிக்காதீர்கள். முகவரியில் வருஷத்தைப் போடாமல் 'காவடி' என்று மட்டும் வைத்து, அதே பக்கத்தில் தேதியையும் விலையையும் மாற்றிக்கொண்டே வாருங்கள். தைப்பூசத்துக்குக் கிடைத்த மதிப்பு சித்திரைக் காவடிக்கும் அடுத்த வருஷத்துக்கும் அந்த முகவரியிலேயே சேரும். ஆங்கிலத்தில் காவடிக்குக் கடைசி எழுத்தை இங்கே பெரும்பாலும் 'ஒய்' என்று போடுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் 'ஐ' போடுவார்கள். தலைப்பில் இங்குள்ள வழக்கையும் வாசகத்தில் ஒரு தடவை மற்றதையும் எழுதினால் போதும்.

முன்னூறு பொருள் இருக்கிற தளத்தில் தேடல் பெட்டி கட்டாயம் வேண்டும். அதில் என்ன தட்டுகிறார்கள் என்பதை மாதம் ஒரு முறை பாருங்கள். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் 'வியூ சர்ச் ரிசல்ட்ஸ்' என்ற நிகழ்வின் கீழ் வரும். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள் என்றால் அது மெனுவில் தெரியவில்லை என்று அர்த்தம். தேடி ஒன்றும் கிடைக்காத சொற்கள் அதைவிட முக்கியம்: ஒன்று, அந்தப் பொருளை நீங்கள் வேறு பெயரில் போட்டிருக்கிறீர்கள்; அல்லது அது உங்களிடம் இல்லை, வாங்கி வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், தளத்தைப் பார்த்திராத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, 'பால்குடச் சொம்பு என்ன விலை என்று கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். கட்டை விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் தலைப்பு தப்பு. உதவி செய்தீர்கள் என்றால் சோதனை வீண்.

ஃபீனிக்ஸ், கேட்டரிங்: தளம் திறந்து மூன்று மாதமாகிறது. கடைப் பெயரைத் தட்டினால்கூட கூகுளில் வரவில்லை. செய்து கொடுத்தவர் 'பொறுங்கள், வரும்' என்கிறார்.

புதுத் தளம் கூகுளில் ஏற சில நாளிலிருந்து சில வாரம் ஆகலாம். மூன்று மாதம் ஆகி, சொந்தப் பெயருக்கே வரவில்லை என்றால் ஏதோ ஒரு கதவு பூட்டியிருக்கிறது. கூகுள் பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைத் தட்டுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையா? கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

தளம் வேர்ட்பிரஸில் செய்தது என்றால், செட்டிங்ஸ் போய் ரீடிங் பக்கத்தைத் திறங்கள். கீழே 'டிஸ்கரேஜ் சர்ச் எஞ்சின்ஸ் ஃப்ரம் இண்டெக்ஸிங் திஸ் சைட்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வேலை நடக்கும்போது அரைகுறைத் தளம் வெளியே தெரிய வேண்டாம் என்று அதில் டிக் போடுவார்கள். திறப்பு நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். இந்த வகைப் புகார் வந்தால் நாங்கள் முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான். டிக்கை எடுத்து, சேமித்து, தளத்தின் தற்காலிகச் சேமிப்பையும் (கேஷ்) காலி செய்யுங்கள்.

அது சரியாக இருந்தால் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'டிஸ்அலவ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத் தளத்துக்கும் தடை. இங்கே ஒரு குழப்பம் வரும். இந்தக் கோப்பு 'உள்ளே வந்து படிக்காதே' என்று மட்டும் சொல்கிறது. பட்டியலிலிருந்து நீக்கச் சொல்வது 'நோஇண்டெக்ஸ்' என்ற வேறு குறிப்பு, அது பக்கத்துக்குள்ளே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால், உள்ளே வர முடியாததால் நீக்கச் சொன்ன குறிப்பைக் கூகுள் படிக்கவே முடியாது. மறைக்க வேண்டிய பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் மட்டும் போதும், தடை வேண்டாம்.

பிறகு சர்ச் கன்சோல், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. இலவசம்தான். உங்கள் சொந்த ஜிமெயிலில் நுழைந்து, டொமைனை (தளத்தின் பெயரை) சேர்த்து, அது கொடுக்கும் ஒரு வரியை டொமைனுக்குரிய டிஎன்எஸ் பதிவில் 'டிஎக்ஸ்டி' வகையாகச் சேர்த்தால் தளம் உங்களுடையது என்று உறுதியாகும். மேலே உள்ள பெட்டியில் முகப்பு முகவரியைக் கொடுத்தால் அது பட்டியலில் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஏன் என்று அதுவே சொல்லும். காரணத்தைச் சரி செய்த பிறகு 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' அழுத்துங்கள். தளத்தின் பக்க முகவரிகளை அடுக்கிய சைட்மேப் கோப்பின் முகவரியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போடலாம், கேட்டரிங் தளத்துக்கு அந்தக் கவலை வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்று தெரிகிறது: உணவுப் பட்டியல் முழுவதும் ஒரே புகைப்படம், பக்கத்தின் தலைப்பு 'ஹோம்'. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பிப் படிக்காது. போனில் வாடிக்கையாளரும் இரண்டு விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். பட்டியலை எழுத்தாகத் தட்டுங்கள். பிடிஎஃப் ஆகப் போடுவதும் வேண்டாம், அது இறங்கிய பிறகு போனில் எந்த மூலையில் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், தட்டுப் பலகாரத்துக்கு ஒரு பக்கம், சைவச் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு: முதலில் பண்டம், அடுத்து ஊர், கடைசியில் கடைப் பெயர். ஆங்கிலத்தில் ஐம்பது அறுபது எழுத்துக்குள் முடியட்டும். அதைத் தாண்டினால் முடிவுப் பட்டியலில் வெட்டுப்படும். கீழே வரும் விளக்கம் நூற்றைம்பது எழுத்துச் சுமார். அது வரிசையில் ஏற்றாது. ஆனால் ஆளைக் கிளிக் செய்ய வைக்கும், அதனால் விலையோ குறைந்தபட்ச ஆர்டரோ அதில் வரட்டும். சில நேரம் கூகுள் அதை மாற்றித் தானே ஒன்றை எழுதிக்கொள்ளும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

எழுத்துக்கூட்டலும் இந்த ஊர்ப்படி இருக்கட்டும். இங்கே கடைப்பலகையில் 'சமூசா', 'ப்ரேயானி' என்றுதான் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். வெளிநாட்டிலிருந்து வாங்கிய வாசகத்தில் 'சமோசா', 'பிரியாணி' என்றிருக்கும். கூகுள் இரண்டையும் ஓரளவு ஒன்றாகவே பார்க்கும் என்றாலும், படிக்கும் டர்பன்காரருக்கு இது நம்மூர்க் கடையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க், பேனல் பீட்டர் (கார் தகடு பழுதுபார்ப்பவர்): ஒருவர் வாரா வாரம் போன் செய்து, மாதப் பணம் கட்டினால் கூகுளில் முதல் இடம் கேரண்டி என்கிறார். இருநூறு கீவேர்ட் (தேடுசொல்), இருநூறு பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு) தருவாராம். கட்டலாமா?

வேண்டாம். முதல் இடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இருநூறு கீவேர்டை மறைவான 'மெட்டா கீவேர்ட்ஸ்' வரியில் திணிப்பார்கள். அந்த வரியைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. விலைக்கு வாங்கிய பேக்லிங்க் கூகுளின் ஸ்பேம் விதிக்கு எதிரானது, பிடிபட்டால் தண்டனை தளத்துக்குத்தான், விற்றவருக்கு அல்ல. ஹோவிக், எஸ்ட்கோர்ட் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தில் இருபது பக்கம் போடுவதும் அந்த ரகம்தான். உண்மையிலேயே ஹோவிக்கிலிருந்து வண்டி எடுத்து வந்து வேலை செய்கிறீர்கள் என்றால், அங்கே செய்த வேலையின் படம், டோயிங் வசதி, எத்தனை நாள் ஆகும் என்ற விவரத்தோடு ஒரு பக்கம் போடலாம், அதில் தப்பில்லை.

இன்னொன்று: உங்கள் பட்டறையில் நின்று உங்கள் போனில் தேடினால் நீங்கள்தான் மேலே வருவீர்கள். அந்தத் திரையைக் காட்டிப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சர்ச் கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் அறிக்கையில் வரும் சராசரி இடத்தைக் கேளுங்கள்.

யாரை அமர்த்தினாலும் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். உறவு முறிந்தால் டொமைனை மாற்றும் ஒப்புதல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். தளம் செய்தவரின் மின்னஞ்சல் அங்கே இருந்தால், கடைப்பலகை வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள்.

லெனேசியா, புடவைக் கடை: புதிதாக, அழகாகத் தளம் செய்தோம். செய்த மறுமாதமே கூகுளிலிருந்து வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். வாசகம்கூட மாற்றவில்லையே!

வாசகம் மாறவில்லை, முகவரிகள் மாறிவிட்டன. பழைய தளத்தில் பட்டுப் புடவைப் பக்கத்துக்கு ஒரு முகவரி இருந்தது. கூகுளுக்கும், அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்களுக்கும் அதுதான் தெரியும். இன்று அதைத் தொட்டால் 'பக்கம் இல்லை' என்று வருகிறது. தீர்வு 301 ரீடைரக்ட்: பழைய முகவரிக்கு வருகிறவரை நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்புவது. 302 என்பது தற்காலிக மாற்றம், அதைப் போட வேண்டாம்.

ஒரு தாளில் அல்லது எக்செலில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பழைய முகவரிகள். அவற்றைச் சர்ச் கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பழைய மாதங்களைத் தேர்ந்து இறக்கலாம். பழைய சைட்மேப்பில் இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் தளத்தின் பழைய பிரதி இருக்கக்கூடும். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் பொருளில் மிக நெருங்கிய புதுப் பக்கம். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. பட்டுப் புடவை கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பிப் போவார், கூகுளும் அதைக் காணாமல் போன பக்கமாகவே எண்ணும். ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று சங்கிலியாகவும் போகக் கூடாது. ஒரே திருப்பத்தில் இடம் சேர வேண்டும். திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருஷம் விட்டு வைக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே இருந்தாலும் நஷ்டமில்லை.

விற்றுத் தீர்ந்த புடவைக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். திரும்ப வருமென்றால் பக்கம் இருக்கட்டும், 'இருப்பு இல்லை' என்று எழுதி, ஒத்த இரகங்களுக்கு இணைப்பு கொடுங்கள். வராது, ஆனால் அதே மாதிரி வேறு இருக்கிறது என்றால் 301. இரண்டும் இல்லையென்றால் பக்கம் போகட்டும், 404 ('பக்கம் இல்லை') வருவதால் தளத்துக்குக் கேடில்லை.

சோதனைக்கு வைத்திருந்த தளத்தின் நோஇண்டெக்ஸ் குறிப்பு புதுத் தளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முகவரியில் முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உள்ளதும் இல்லாததும், 'எஸ்' உள்ள ஹெச்டிடிபிஎஸ்ஸும் பழைய ஹெச்டிடிபியும் ஆக நான்கு வடிவம் உண்டு. நான்கையும் தட்டிப் பாருங்கள், ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

டோங்காட், ஹார்டுவேர் கடை: தளம் திறக்க நேரமாகிறது, டேட்டாவைத் தின்கிறது என்கிறார்கள். ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டுமா?

ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் வாடகைக் கணினியை விடுங்கள், முதலில் படங்களைப் பாருங்கள். இப்போதைய போனில் எடுத்த படம் 4,000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி இருக்கும். உங்கள் தளத்தில் அதைக் காட்டும் இடமோ உள்ளங்கை அகலம். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு படம் என்றால் நாற்பது எம்பி ஆகிறது. பிரீபெய்டில் டேட்டா வாங்கிப் போடுகிறவர் உங்கள் குழாய் விலையைப் பார்க்க அவ்வளவு செலவு செய்ய மாட்டார்.

பெரிய படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்கும், பட்டியலில் வரும் சின்னப் படத்தை 400 பிக்சலுக்கும் குறைத்து, 'வெப்பி' என்ற சிறிய படக் கோப்பு வடிவில் சேமியுங்கள். பெரியது 150 கேபி அளவுக்கும் சின்னது 30 கேபி அளவுக்கும் வந்துவிடும். 'ஸ்க்வூஷ்' என்ற இலவசத் தளத்தில் படத்தை இழுத்து விட்டால் அங்கேயே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் குறியீட்டில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்து கீழே தள்ளப்பட்டு, 'வாங்கு' என்று தொடப் போனவர் வேறெதையோ தொட்டுவிடுவார். கீழே இருக்கும் படங்களுக்கு, பார்ப்பவர் அங்கே வரும்போதுதான் படத்தை இறக்கும் 'லோடிங் லேஸி' என்ற குறிப்பு நல்லது. முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்கு மட்டும் அதைப் போடாதீர்கள், போட்டால் அதுவே தாமதமாகும்.

முகப்பில் தானாக ஓடும் ஐந்து படச் சுழலைத் தூக்கிவிடுங்கள். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு படம், ஒரு வரி, ஒரு போன் பொத்தான்.

பிறகு 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' தளத்தில் முகவரியைக் கொடுத்து, மொபைல் பக்கத்தைப் பாருங்கள். கணினி மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், இப்போது கூகுள் தளங்களின் மொபைல் வடிவத்தைத்தான் படித்து மதிப்பிடுகிறது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும், எழுத்து குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். படத்தைக் குறைத்த பிறகும் முதல் எண் சிவப்பிலேயே நின்றால் அப்போது ஹோஸ்டிங்கைப் பற்றிப் பேசலாம். தளம் கடையிலேயே ஒரு கணினியில் ஓடுகிறது என்றால் மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள், கரண்ட் போனால் தளமும் போய்விடும்.

க்வாடுகுஸா, பிளம்பர்: எனக்கு ஃபேஸ்புக் பக்கமும் கூகுள் மேப்பில் பெயரும் இருக்கிறது. தளம் வேறு வேண்டுமா?

வேண்டும், ஆனால் சின்னதாகப் போதும். மேப்பில் இருக்கும் உங்கள் பதிவு நாளைக்கே ஏதோ காரணத்தால் முடக்கப்படலாம், அப்போது உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. தவிர 'கீஸர் மாற்ற எவ்வளவு, இன்றைக்கே வருவீர்களா' என்ற கேள்விக்கு அந்தப் பதிவில் இடமில்லை.

நான்கு பக்கம் போதும்: கீஸர், அடைத்த வடிகால், கசிவு, தொடர்பு. ஒவ்வொரு வேலைப் பக்கத்திலும் கால்-அவுட் (வந்து பார்க்கும்) கட்டணம், எந்தெந்த ஊர் வரை வருவீர்கள், சாதாரணமாக எத்தனை மணி நேர வேலை என்று எழுதுங்கள். ஊர்ப்பெயரில் கவனம் வேண்டும். க்வாடுகுஸாவை இன்னும் ஸ்டாங்கர் என்று தேடுகிறவர்கள் நிறைய. டர்பனில் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பலகை இருந்தாலும் க்ரே ஸ்ட்ரீட் என்றுதான் பலர் தட்டுவார்கள். புதுப் பெயரை எழுதி, பக்கத்தில் 'முன்பு ஸ்டாங்கர்' என்று ஒரு தடவை சேருங்கள்.

மேப்பில் உள்ள கடைப் பெயரோடு 'பெஸ்ட் பிளம்பர் 24 ஹவர்' என்று ஒட்டாதீர்கள். பதிவு முடங்குவதற்கு இது ஒரு காரணம். கடை வைக்காமல் வீட்டிலிருந்து போகிறவர் என்றால் வீட்டு முகவரியை மறைத்து, வேலை செய்யும் ஊர்களை மட்டும் குறிக்கலாம், இருபது வரை. பெயரும் எண்ணும் மேப், ஃபேஸ்புக், தளம் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கட்டும்.

எண்ணைத் தொட்டதும் அழைப்பு போக வேண்டும். இணைப்பில் நாட்டு எண் 27 சேர்க்கும்போது முன்னாலிருக்கும் சுழியத்தை எடுத்துவிட வேண்டும்: 031 என்பது கூட்டல்குறியோடு 27 31 ஆகும். வாட்ஸ்அப் இணைப்பில் கூட்டல்குறியும் கூடாது, இடைவெளியும் கூடாது, சுழியமும் கூடாது. அந்த ஒற்றைச் சுழியத்தை எடுக்காமல் விட்டதால் திறக்காத வாட்ஸ்அப் பொத்தான்கள் இந்த ஊரில் எத்தனையோ. பொத்தானின் உயரம் 48 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும், ஈரக் கையோடுதான் உங்களை அழைப்பார்கள்.

டர்பன், மசாலாப் பொடி விற்பனை: தளத்தில் ஆர்டர் எடுக்கத் தொடங்கப்போகிறோம். சட்டப்படி என்னென்ன போட வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு 25-ஆம் எண் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைப் பாருங்கள். நிறுவனத்தின் முழுப்பெயரும் சட்ட நிலையும், தெருமுகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் முறை, எத்தனை நாளில் சேரும், திருப்புதல் விதி, தனியுரிமை விதி ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். தபால்பெட்டி எண் மட்டும் போதாது. ஆர்டரை உறுதி செய்யும் முன் முழுப் பட்டியலையும் பார்த்துத் திருத்தவும், வேண்டாம் என்று விலகவும் ஒரு திரை வேண்டும். இவை இல்லாவிட்டால் பொருள் கிடைத்த 14 நாளுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம். 44-ஆம் பிரிவில் உள்ள 7 நாள் மறுபரிசீலனைக் காலம் (வாங்கியவர் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் காலம்), வீட்டுக்கு அனுப்பும் அன்றாட உணவுப் பொருளுக்குப் பொருந்தாது. ஆனால் நீங்கள் அஞ்சறைப்பெட்டியும் அம்மியும் விற்றால் அவற்றுக்குப் பொருந்தும்.

இவற்றை 'டெலிவரியும் திருப்புதலும்' என்று தெளிவான ஒரு பக்கமாகப் போட்டு, எல்லாப் பக்கத்தின் அடியிலும் இணைப்பு கொடுங்கள். 'டெலிவரி எவ்வளவு' என்பதுதான் பொருள் பக்கத்தில் நின்று ஆட்கள் முதலில் தேடுவது, அதனால் விலைக்குப் பக்கத்திலேயே அந்த ஒரு வரி இருக்கட்டும். 'சலுகைச் செய்தி அனுப்பலாமா' என்ற கட்டத்தில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள், தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் பொப்பியா சட்டத்தில் சம்மதம் அவர் கையால் வர வேண்டும்.

வெருலம், தமிழும் பரதமும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு: தளத்தில் தமிழ்ப் பக்கமும் வைத்திருக்கிறோம், தேடினால் வருவதே இல்லை.

முதலில் எழுத்துருவைச் சோதியுங்கள். உங்கள் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்துமுறை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே தேடுபொறி படிப்பது ஆங்கிலக் குப்பை. இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கி, ஒரு முறை பிழைதிருத்தி ஏற்றுங்கள். ரகர ஒற்றும் துணைக்காலும் அங்கே இடம் மாறும்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி முகவரி வேண்டும். ஒரே பக்கத்தில் பொத்தானை அழுத்தி மொழி மாற்றும் வித்தையில் தமிழ் வடிவம் கூகுளுக்குத் தெரியாமலே போகலாம். இரண்டு பக்கத்திலும், வேறு மொழி வடிவம் எங்கே என்று சொல்லும் 'ஹெச்ரெஃப்லாங்' குறிப்பு வேண்டும். ஆங்கிலப் பக்கம் தமிழையும், தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தையும், இரண்டும் தன்னையும் சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்: பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிந்து, 'பரதநாட்டியம்' என்ற ஒரு சொல்லே நூறு எழுத்தைத் தாண்டி, பார்ப்பவர் வைரஸ் இணைப்போ என்று பயந்துவிடுவார்.

வகுப்பு நேரமும் கட்டணமும் இரு மொழியிலும் இருக்கட்டும். பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறப்பது பாட்டி.